வனிதா மெட்ராஸ் போகவில்லை

தேவாலா
9.12.2001

அன்பு மகன் பாலகுமாருக்கு அம்மா எழுதுவது. இங்கே அப்பாவும் நானும் உன் தங்கச்சியும் காய்ச்சல் தலைவலி இல்லாமல் இருக்கிறோம், இப்போதைக்கு அதைத்தான் நலம் என்று எழுத வேண்டியிருக்கிறது. மஸ்கட்டில் நீ உடம்பாலும் மனசாலும் நன்றாக இருக்க வேண்டும் என்று லயத்து மாரியம்மனைக் கும்பிட்டுவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன்.

நீ போனில் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வனிதா மெட்ராஸ் டிவி போட்டிக்குப் போகவில்லை. உன் ரூமில் இருக்கிறவர்களிடம் எல்லாம் என் தங்கச்சி டிவியில் கிட்டார் வாசிக்கப்போகிறாள் என்று சொல்லி வைத்திருப்பாய், எனக்குத் தெரியும், நானும் இங்கே குழாயடியில் ஒருத்தி விடாமல் சொல்லிவிட்டுத்தான் இப்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு தண்ணீர் பிடிக்கிறேன். கோபத்தில் கடிதத்தைக் கசக்கிப் போடாமல் கடைசி வரை படி சாமி, நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பாக்டரியை மூடியவர்கள் இன்னும் திறக்கவில்லை, இனித் திறக்கவும் மாட்டார்கள். பச்சை இலை விலை படுத்தது படுத்ததுதான். பக்கத்துச் சின்னத் தோட்டக்காரர்கள், பறிக்கிற கூலிக்கே கட்டவில்லை என்று இலையைச் செடியிலேயே விட்டுவிட்டார்கள், தேயிலைச் செடியெல்லாம் ஆள் உயரத்துக்கு மரமாக நிற்கிறது. தோட்டத்தில் எங்களுக்கு வாரத்தில் பாதி நாள் வேலை கொடுத்தால் பெரிய விஷயம். லயத்து வரிசை வீடுகளில் பாதிப் பேர் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டார்கள். உன் அப்பாவை என்ன சொல்ல. இத்தனை வருசம் ராத்திரி ஷிப்டில் மேல்மாடியில் இலை வாடப்போட்ட மனுசன், இப்போது சங்கு ஊதாவிட்டாலும் அந்த நேரத்துக்கு எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு பாக்டரி கேட் வரைக்கும் போய் நின்றுவிட்டு வருகிறார். சாப்பிடக் கூப்பிட்டால் பசியில்லை என்கிறார், பேச்சுக் கொடுத்தால் கூரையைப் பார்க்கிறார். சண்டை போடவாவது வாயைத் திறந்தால் தேவலை என்று எனக்கு ஆகிவிட்டது.

இந்த லட்சணத்தில்தான் நீ சொன்னாயே என்று வனிதாவைக் கூட்டிக்கொண்டு முதல் பஸ்ஸில் கூடலூர் போய் அங்கிருந்து கோயம்புத்தூர் போனேன். செலெக்சன் நடத்தியவர் பெயர் தேவநேசன், மெட்ராஸ் டிவிக்காக இந்தப் பக்கத்துப் பிள்ளைகளைப் பொறுக்கி அனுப்புகிறவர், நல்ல மாதிரி, பிள்ளைகளை வாங்க போங்க என்றுதான் பேசுகிறார். ஹால் நிறையப் பிள்ளைகள். கிட்டாரை விடக் குள்ளமாக ஒரு பொடியன், தையல் மெஷின் ஓடுகிற மாதிரி வாசித்தான். அதற்கு மேல் ஒன்று, அதற்கும் மேல் ஒன்று. பெற்றவர்கள் எல்லாரும் பிள்ளையின் விரலையே பார்க்கிறார்கள், ஒருத்தரும் காது கொடுத்துக் கேட்ட மாதிரி எனக்குத் தெரியவில்லை. எனக்கு என்ன ஞாபகம் வந்தது தெரியுமா, தோட்டத்தில் இலை வெட்டக் கத்தரி கொடுத்தார்களே அதுதான். முன்னே எல்லாம் இளங்கொழுந்தாகப் பார்த்துக் கிள்ளி எடுப்போம், முத்தல் இலை ஒன்று கூடையில் விழுந்தாலும் கங்காணி வாயில் வராத வார்த்தை வரும். அப்புறம் எடைதான் வேண்டும் என்று ஆளுக்கொரு கத்தரியைக் கையில் கொடுத்தார்கள், வெட்டு வெட்டென்று வெட்டினோம், கூடை சீக்கிரம் நிறைந்தது, தேத்தண்ணியில் ருசி போய்விட்டது. சரி, அதை விடு.

நம் பிள்ளையின் முறை வந்தது. நீ அனுப்பிய கேசட்டில் இருக்கிறானே அந்த வெள்ளைக்காரப் பையன், அவன் வாசித்ததை அவனை விட வேகமாக வாசித்தாள். ஹாலே எழுந்து கை தட்டியது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, பொய் சொல்லமாட்டேன். தேவநேசன் மட்டும் கை தட்டவில்லை, சரிம்மா, இப்போது உங்களுக்குப் பிடித்தது எதையாவது மெதுவாக வாசியுங்கள் என்றார். இவள் என்ன வாசிக்கட்டும் சார் என்று கேட்டாள். பிடித்தது எதுவானாலும் சரி என்றார். இவள் கொஞ்ச நேரம் முழித்தாள், அப்புறம் அதையேதான் திரும்ப வாசித்தாள், மெதுவாக, வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி. வீட்டில் எப்படிப் பழகுவீர்கள் என்று அவர் கேட்டார். இவள் ஒளிக்காமல் சொல்லிவிட்டாள், கம்பிக்கு அடியில் அப்பாவின் மப்ளரைத் திணித்து வைத்துக்கொண்டுதான் பழகுவேன் சார் என்று.

உனக்கு இது தெரியாது. நீ கிட்டாரைக் கொடுத்துவிட்டுப் பிளேன் ஏறிவிட்டாய். ஒற்றை அறையில் அப்பா ராத்திரி ஷிப்ட் முடித்துப் பகலில் தூங்குவார், கூரை வரை எட்டாத பாதிச் சுவருக்கு அந்தப் பக்கம் தபித்தாள் அக்காவின் மருமகளுக்குக் கைக்குழந்தை. சத்தம் வந்தால் அங்கிருந்து சுவரைத் தட்டுவார்கள், இங்கே அப்பா புரண்டு படுப்பார். அதனால் இவளே யோசித்து மப்ளரைத் திணித்தாள். டொக் டொக் என்று மரத்தைத் தட்டுகிற மாதிரிதான் கேட்கும். இத்தனை நாளும் விரல் சரியான இடத்தில் விழுந்ததா, இன்னும் வேகமாக விழுமா என்று மட்டும்தான் பார்த்திருக்கிறாள், ஒரு கம்பி முழுசாக ஒலித்து அடங்குகிறதை அவள் கேட்டதே இல்லை. பாக்டரி மூடிய பிறகும் மப்ளரை எடுக்கவில்லை, அப்பா பகலெல்லாம் படுத்தே கிடந்தாரே. தேவநேசன் இதைக் கேட்டுவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, விரல் தயாராக இருக்கிறது, பிள்ளை இன்னும் அதற்குள் வரவில்லை அம்மா, ஆனாலும் டிவிக்காரர்கள் கேட்பது வேகம்தான், உங்கள் பெண் பெயரை அனுப்பிவிட்டேன் என்றார். பாதி கேட்காதவள் மாதிரி நான் சந்தோசப்பட்டுக்கொண்டு வந்தேன். வனிதா அத்தனையையும் கேட்டிருக்கிறாள். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பியவள் வீடு வரைக்கும் திரும்பவே இல்லை.

அடுத்த வாரம் பாக்டரி மெஷினைக் கழற்ற லாரி வந்தது. பழைய இரும்புக்கு விற்றுவிட்டார்கள். இலை உருட்டுகிற ரோலரைச் சங்கிலி போட்டு இழுத்தபோது அப்பா கேட்டில் நின்று பார்த்திருக்கிறார். வீட்டுக்கு வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தவர் உட்கார்ந்தவர்தான். வேலைக்குப் போகிற காலத்தில் முகம் கழுவும்போது ஒன்றை முனகுவாரே, பாட்டும் இல்லாமல் வார்த்தையும் இல்லாமல், மாடியில் இலை பரப்புகிறபோது தூக்கம் வராமல் இருக்க எல்லாரும் சேர்ந்து முனகுவது, அது உனக்கும் ஞாபகம் இருக்கும். வனிதா மப்ளரை உருவிப் போட்டுவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்து அதை வாசித்தாள். ஒவ்வொரு கம்பியாகத் தொட்டுவிட்டு அது அடங்குகிற வரைக்கும் சும்மா இருந்தாள். நடுவில் தப்பு விட்டாள், திரும்ப ஆரம்பித்தாள். சுவரைத் தட்டுவார்கள் என்று நான் பயந்துகொண்டிருந்தேன், தபித்தாள் அக்கா பேரக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் வந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அப்பா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்குவது மட்டும் தெரிந்தது. நம் வீட்டுக்கு நான் வந்த நாளிலிருந்து அவர் அழுது நான் பார்த்ததில்லை தம்பி. மறுநாள் அவர் பாக்டரி கேட்டுக்குப் போகவில்லை. அது நல்லதா கெட்டதா என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

அதோடு வனிதாவின் வேகம் போய்விட்டது. மெட்ராசுக்காகக் கேசட் பாட்டை எடுத்து உட்கார்ந்தால் பாதியில் நிறுத்திவிடுகிறாள். வேகமாக வாசித்தால் எனக்கு ஒன்றுமே கேட்க மாட்டேங்குதும்மா என்கிறாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் முதுகில் ஒன்று வைத்தேன். சோற்றுக்கே இழுத்துக்கோ பறிச்சுக்கோ என்று இருக்கிற வீட்டில் வருகிற லட்சுமியை எட்டி உதைக்கிறாயே, அண்ணன் அங்கே வெயிலில் வேகிறது உனக்குத் தெரியவில்லையா என்று கத்தினேன். அவள் அழவில்லை, அங்கே போய் என்னை ஓடச் சொல்லுவார்கள், எனக்கு இனிமேல் ஓட வராது என்றாள். தேவநேசனுக்கும் அவளே போன் போட்டு வரவில்லை என்று சொல்லிவிட்டாள். மெதுவாக வாசித்து இவள் யாருக்கு என்ன ஆகப்போகிறாள் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. ஒருவேளை இது சுத்தப் பைத்தியக்காரத்தனமாகவும் இருக்கலாம். ஆனால் அவள் சாயங்காலம் வாசிக்கிறபோது அடுப்பை ஊதாமல் நிற்கிறேன், அவ்வளவுதான் என்னால் சொல்ல முடியும். அவளைத் திட்டாதே, என் பங்குக்கு நானே போதும் போதும் என்கிற அளவு திட்டிவிட்டேன்.

உன்னைப் பற்றி ஒன்று எழுத வேண்டும். ஞாயிற்றுக்கிழமை சேட்டன் கடைக்கு நீ போன் போடுகிறாய், எடுத்த எடுப்பில் பணம் அனுப்பிவிட்டேன், சாப்பிட்டேன், வேலை ஜோர், வனிதா எவ்வளவு வேகமாக வாசிக்கிறாள், அப்பா எப்படி இருக்கிறார், வைக்கட்டுமா என்று மூச்சு விடாமல் பேசி வைத்துவிடுகிறாய். காசு ஓடுகிறது என்றுதான் அப்படிப் பேசுகிறாய் என்று நினைத்திருந்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. கொஞ்சம் நிறுத்தினால் நான் உன் குரலைக் கேட்டுவிடுவேன் என்று பயப்படுகிறாய். நான் உன்னைப் பெற்றவள். அங்கே உன்னை யார் என்ன செய்கிறார்கள், ஏன் ரூம் மாற்றினாய், ஏன் இரண்டு தீபாவளிக்கும் லீவ் இல்லை என்றாய், ஒன்றையும் நீ சொன்னதில்லை, நானும் உன் பணத்தை எதிர்பார்த்துக்கொண்டு கேட்காமல் இருக்கிறேன். கடிதம் கிடைத்த பிறகு வருகிற ஞாயிறு மெதுவாகப் பேசு. பேச வராவிட்டால் சும்மாவாவது இரு, நான் போனைக் காதில் வைத்துக்கொண்டு நிற்கிறேன்.

அங்கே இருக்க முடியவில்லை என்றால் வந்துவிடு ராசா. இங்கே வேலை இல்லை, இந்த வீட்டையும் எப்போது காலி பண்ணச் சொல்வார்களோ தெரியாது, நீ அனுப்புவதுதான் எங்களுக்குச் சோறு. எல்லாம் தெரிந்துதான் எழுதுகிறேன். வந்துவிடு.

மாரியம்மன் உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பாற்றட்டும், ஆயுசு நூறாக இரு. வெயிலில் வெறுந்தலையோடு நிற்காதே, வயிற்றுக்கு வேளைக்குச் சாப்பிடு.

உன் நினைப்பாகவே இருக்கும்
அம்மா தெய்வம்மா