ஆடு தின்னாத சுவர்

ஐப்பசி, செவ்வாய் இரவு

பழைய முட்டை அட்டையை அரைத்து, மரவள்ளி மாவுப் பசை சேர்த்து நான் செய்த முதல் சுவர்ப்பலகையைப் பக்கத்து வீட்டுப் பாப்பாத்தியக்காவின் ஆடு தின்றுவிட்டது. "ஏனுங்க, நீங்க செய்யறது செவுரா, தீவனமா?" என்று அக்கா தன் டீக்கடையில் எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டாள்.

நான் இரண்டாவது பலகைக்கு உட்கார்ந்ததும், "இதையும் தின்னுச்சுன்னா பேசாம பழையபடி முட்டை லாரி ஓட்டவே போயிருங்க," என்றாள் மனைவி.

இந்த முறை பசையே இல்லை. அட்டைக் கூழைக் களிமண்ணோடு பிசைந்து, மேலே சுண்ணாம்பும் கற்றாழைச் சாறும் பூசினேன். இன்று காய்ந்த பலகையை நானே ஆட்டின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினேன். முகர்ந்தது, நக்கியது, தும்மிவிட்டுப் போயே போய்விட்டது! நடுத்தெருவில் தொப்பை குலுங்கக் குதித்தேன்.

அக்கா ஆட்டைத்தான் முறைத்தாள். பிறகு, "என்ற கடைக்கு நடுவால தடுப்பா ஒண்ணு நிறுத்திக் குடுங்க," என்றாள்.

மழைச் சாரல் அடித்தால் என்ன ஆகும் என்று... சரி, அதை ஆடு கேட்கவில்லை.