பிஜிலியின் வாயும் என் கையும்

நவம்பர் 12, செவ்வாய்

இன்றும் குதிரை ஆடிவிட்டது. சனியன் பிடித்த ஆட்டம். வட்டத்தில் நடை நன்றாகத்தான் போனது. திரும்பும் இடத்தில் லகான் வாரைத் துளி எடுத்தேன், அவ்வளவுதான். கழுத்தை வளைத்து, முன்னங்காலைத் தூக்கித் தூக்கிப் போட்டு ஒரே ஆட்டம். மேளம் இல்லை, மாப்பிள்ளை இல்லை. காலி நிலமும் நானும்தான்.

பிஜிலி என் தம்பி நவுஷாத் வைத்திருந்த கல்யாண ஊர்வலக் குதிரை. லகானை இறுக்கினால் ஆட வேண்டும் என்று வாய்க்குள் முள் வைத்த கடிவாள இரும்பு போட்டுப் பழக்கியிருக்கிறார்கள். வாயோரம் இரண்டு பக்கமும் தழும்பு. போன வருஷம் தியாகதுருகத்தில் வெடிக்கு மிரண்டு மாப்பிள்ளையைச் சாக்கடையில் தள்ளியது. "நீ ஓட்டுறதுன்னா வச்சிக்கண்ணே. சும்மா கட்டி வெக்கிறதுன்னா எனக்கு வேணும்" என்று கொடுத்தான்.

அன்றிலிருந்து விடிந்ததும், அதைக் கட்டியிருக்கிற கச்சிராயபாளையம் நிலத்துக்குப் போய் ஓட்டிவிட்டுத்தான் கள்ளக்குறிச்சியில் துணிக்கடை திறக்கிறேன். இளவயதில் புதுச்சேரிப் பக்கம் ஒரு குதிரைப் பள்ளியில் வேலை பார்த்துக்கொண்டே டிரெஸ்ஸாஜ் என்கிற நளின சவாரி கற்றவன். லகான் தொங்கவும் கூடாது, இழுக்கவும் கூடாது. ஈரத்துணியைப் பிழியாமல் பிடித்திருக்கிற அளவுதான் பிடி. மற்றதெல்லாம் உட்காருகிற விதத்தில். இத்தனை மாதம் இவ்வளவு மெதுவாகப் பிடித்தும் இதற்குப் பழசு மறக்கவில்லையே? அலுத்துப் போகிறது.

நவம்பர் 15, வெள்ளி

ஆடியது. ஜும்மாவில் குனிய முடியவில்லை, இடுப்பு வலி.

நவம்பர் 24, ஞாயிறு

முஹ்சினாவையும் பைக்கில் கூட்டிப் போனேன். பேருக்குத்தான் மனைவி துணைக்கு வந்தது; வழி முழுக்க என் சட்டையில் குதிரை லத்தி நாற்றம் போகவே மாட்டேன் என்கிறது என்று ஒரே புலம்பல்.

நிலத்துக்காரர் நாராயணசாமி வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னா பாய், அத்த அப்பிடி இழுத்துப் புடிச்சிக்கினு கீறீங்க? வாயத் தொறந்துக்கினு கெடக்குது பாருங்க" என்றார்.

"நான் எங்கங்க இழுத்தேன்?"

"இழுக்கிறீங்க" என்றாள் முஹ்சினா. "முழங்கை வரைக்கும் நரம்பு பொடைச்சிக்கினு கீது."

குதிரை மேல் உட்கார்ந்தபடியே அவளைப் பார்த்துக் கத்திவிட்டேன். இவளுக்கு என்ன தெரியும் குதிரையைப் பற்றி? 

டிசம்பர் 3, செவ்வாய்

மழை. போகவில்லை. போகாதது நிம்மதியாக இருந்தது — நானா இதை எழுதுகிறேன்?

டிசம்பர் 9, திங்கள்

பள்ளியில் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று செய்வார்கள். லகானையும் கடிவாள வளையத்தையும் தையல் நூலால் முடிந்துவிடுவார்கள். கை இழுத்தால் நூல் அறும். எனக்கே இதைச் செய்து பார்ப்பதா என்று சிரித்துக்கொண்டேதான் கட்டினேன். பாதுகாப்புக்குத் தலைக்கயிறு போட்டு நாராயணசாமியைப் பிடிக்கச் சொன்னேன்.

ஏறி லகானை எடுத்தேன். பிஜிலி இன்னும் ஒரு அடிகூட வைக்கவில்லை.

"அறுந்துடுச்சி பாய்" என்றார். இரண்டு பக்கமும்.

மறுபடி கட்டினோம். அறுந்தது. இரட்டை இழை. அதுவும். அறுந்தது எனக்குத் தெரியவே இல்லை. அவர் சொல்லித்தான் தெரிந்தது.

இறங்கி வாயைப் பார்த்தேன். பழைய தழும்புக்கு மேலே புதுச் சிவப்பு. அது ஆடியது பழசை மறக்காததால் இல்லை. நான் இறுக்கினேன், அது ஆடியது. சொன்னதைத்தான் செய்திருக்கிறது. அதைப் போய்ச் சனியன் என்று எழுதியிருக்கிறேனே. யா அல்லாஹ், இத்தனை நாளும் நானா கிழித்தேன்?

டிசம்பர் 11, புதன்

சர்க்கரைக்குப் பார்க்கிற டாக்டரிடம் கையைக் காட்டினேன். கண்ணை மூடச் சொன்னார். கையில் ஒரு நைலான் இழை வைத்திருந்தார். விரல் நுனியில் தொடும்போது சொல்லணும் என்றார். காத்திருந்தேன்.

"எப்ப டாக்டர் தொடுவீங்க?"

"தொட்டு முடிச்சிட்டேன் பாய்."

சர்க்கரையால் மரத்துப்போவது காலோடு நிற்கவில்லையாம், கைக்கும் வந்துவிட்டதாம். இருப்பதைக் காப்பாற்றலாம், போனது திரும்புவது கஷ்டம் என்றார். துணி வெட்டுவது, மடிப்பது எல்லாம் கண்ணால் பார்த்தே செய்திருக்கிறேன் போலிருக்கிறது. அதனால் கடையில் தெரியவில்லை. குதிரையின் வாய் கண்ணுக்கா தெரியும்?

டிசம்பர் 22, ஞாயிறு

நவுஷாத் போன் செய்தான். "நீ ஏறுறதே இல்லியாமே? தை பொறந்தா வரிசையா கல்யாணம் கீதுண்ணே. பொங்கலுக்கு முன்னாடி பிஜிலிய ஏத்திக்கினு போவ வண்டி எடுத்துக்கினு வரட்டா?"

"முள்ளு கடிவாளம் போடாதடா."

"அது இல்லாம ஆடாதுண்ணே. ஆடலன்னா எவன் கூப்புடுவான்?"

அவனையும் குறை சொல்ல முடியாது, அதுதான் அவன் பிழைப்பு. சரி, வா என்று சொல்லிவிட்டேன். வாதாட எனக்குத் தெம்பில்லை.

முஹ்சினா ஜாக்கெட்டுக்குக் கை தைத்துக்கொண்டிருந்தாள். தலை நிமிராமல், "நான் ஏறனா இன்னா?" என்றாள்.

"லத்தி நாத்தம்னு சொன்னவதானே நீ?"

"நாத்தம் நாத்தம்தான். அதுக்காக அந்த வாயை மறுபடி கிழிக்க உட்டுடுவீங்களா?"

இரண்டு பேருக்கும் ஐம்பதை ஒட்டிய வயசு. சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

டிசம்பர் 26, வியாழன்

ஏறினாள். பயத்தில் பிடரியைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். லகான் கொடுக்கவில்லை, நானே கயிற்றில் வட்டமாக நடத்தினேன். "தொடை பிச்சிக்கினு போவுதுங்க" என்று இரவெல்லாம் முனகல்.

ஜனவரி 5, ஞாயிறு

சேற்றில் விழுந்தாள். நான் போதும் என்றேன். அவள் முக்காட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு மறுபடி ஏறினாள்.

ஜனவரி 12, ஞாயிறு

இன்று லகானைக் கொடுத்தேன். எவ்வளவு பிடி என்று கையைப் பிடித்துக் காட்ட முடியாது, என் கைக்கே தெரியாதே. நிலத்தின் நடுவில் நின்று வாயால் சொன்னேன். விரலை மூடு, முழங்கையை விடு, இழுக்காதே, காத்திரு. திரும்பும் இடம் வந்தது. பிஜிலி ஆடவில்லை. நடந்தே திரும்பியது.

நவுஷாத் வண்டியோடு வந்து வரப்பில் நின்றிருந்தான். 

"அண்ணியா ஓட்டுறாங்க?"

"ஆமா. தெனமும்."

பிஜிலி இன்னொரு வட்டம் நடந்தே திரும்புவதைப் பார்த்தான். "சரி, நான் வேற குதிரை பாக்கணும்" என்று முணுமுணுத்துவிட்டு வெறும் வண்டியைத் திருப்பினான்.

அந்தக் கோடியிலிருந்து முஹ்சினா பயந்துபோய்க் கத்தினாள். "ஏங்க, கையில என்னமோ குறுகுறுங்குது. லகான்லேர்ந்து வருது. இன்னா அது?"

"ஒண்ணுமில்ல. கடிவாளத்த மெல்லுது. இழுக்க மாட்டாங்கன்னு நம்பினா அப்பிடி மெல்லும். விட்டுடாத, அப்பிடியே வச்சிக்க."

"உங்களுக்கும் வருமா?"

"வந்துக்கினு இருந்திச்சு" என்றேன்.

கடைசியாக எப்போது வந்தது என்று யோசித்துப் பார்க்கிறேன். ஞாபகமில்லை.