பிளேஸ்டோவில் ஈப்போச் சீனம்

டிஸ்ட்ரிக்ட் லைன் ரயிலில், கதவுக்கு மேலே, ஒரு காப்புறுதி விளம்பரம். தூரிகையால் எழுதியது போல் வளைந்த ஆங்கில எழுத்து. பக்கத்தில் ஒரு மூங்கில். "நீ சுவாரசியமான காலத்தில் வாழ்வாயாக." அதன் கீழே சின்னதாக: பண்டைய சீனப் பழமொழி.

மைல் எண்ட் இன்னும் வரவில்லை. உன் குரல் வந்துவிட்டது.

"புளுகுலா. சீனாவுல ஒருத்தனும் இத சொன்னதில்ல."

சிரித்துவிட்டேன். எதிரே இருந்தவன் பேப்பரைத் தாழ்த்திப் பார்த்தான். நீ போன பிறகு ரயிலில் நான் சிரித்தது இதுதான் முதல் தடவை. அப்போது நான் எங்கே போய்க்கொண்டிருந்தேன் என்பதை உனக்குச் சொல்ல வேண்டும். அங்கே நடந்ததையும். அதற்குத்தான் இது.

நீ மலேசியாவில் ஈப்போக்காரி. வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த பள்ளிக்கூடம் சீனப் பள்ளிக்கூடம். உன் அப்பா வேறு யோசிக்காமல் அதில் சேர்த்துவிட்டார். வகுப்பில் நீ ஒருத்திதான் தமிழ். பள்ளிக்கூடத்தில் மாண்டரின் சீனம், சந்தையில் கான்டனீஸ் சீனம், வீட்டில் தமிழ். பிறகு கணக்கியல் படிக்க லண்டன். லிவர்பூல் ஸ்ட்ரீட்டில் ஒரு அலுவலகம். பிளேஸ்டோவில், நான் இருந்த வீட்டின் மேல் அறை.

என்னைச் சிலோன் என்றாய். உன்னை ஈப்போ என்றேன். பெயர் சொல்லிக் கூப்பிட்டதாக ஞாபகம் இல்லை.

சமையலறை. உன் பெலாச்சான் சம்பலின் இறால் மணத்துக்கு நான் ஜன்னலைத் திறப்பேன். குளிருக்கு நீ மூடுவாய். அந்தச் சண்டைக்கு நடுவில்தான் தவளை வந்தது.

"கிணற்றுத் தவளை எங்கட," என்றேன். "அதையும் சீனாவுக்குக் குடுக்க ஏலாது."

"வச்சுக்க. உங்க தவளைய பாக்க யாராச்சும் வந்தாங்களா? சீனத் தவளைய பாக்க கடல் ஆமை வந்துச்சு. 'உள்ள வா, எவ்ளோ வசதி பாரு'ன்னு தவளை கூப்புடுது. ஆமை ஒரு கால வைக்கப் போச்சு. முட்டி மாட்டிக்கிச்சு."

"பிறகு?"

"பிறகு என்னா? கால உருவிக்கிட்டு, கடல் எப்படி இருக்கும்னு சொல்லிச்சு. தவளை வாயத் தொறக்கல."

முட்டி மாட்டிக்கொண்ட ஆமை. அதுவரை எனக்குத் தவளை ஒரு வசை. அன்றிலிருந்து அது ஒரு காட்சி. கிணற்றின் விளிம்பு, ஈரம், பெரிய ஒரு கால்.

"கதை தெரியாம பழமொழி சொல்றவன், பழத்த விட்டுட்டுத் தோல தின்றவன்," என்றாய். அது எந்த நாட்டுப் பழமொழி என்று கேட்டேன். "இப்பத்தான் செஞ்சேன்."

இன்னொன்றும் சொன்னாய். சீனர்கள் பல பழமொழிகளை முழுதாகச் சொல்வதில்லை. முதல் பாதியைச் சொல்லி நிறுத்திவிடுவார்கள். மறுபாதி கேட்பவருடையது. எல்லைப்புறக் கிழவனின் குதிரை ஓடிப்போயிற்று என்பார்கள், அவ்வளவுதான். அது நல்லதுக்கு இல்லை என்று எப்படித் தெரியும் என்பதைக் கேட்பவர் மனதுக்குள் முடித்துக்கொள்ள வேண்டும். ஓடிய குதிரை இன்னொரு குதிரையோடு திரும்பியது, அதில் ஏறிய மகன் விழுந்து கால் முறிந்தது, கால் முறிந்ததால் போருக்குப் போகாமல் தப்பியது. இவ்வளவு கதையும் சொல்லாமல் விட்ட அந்த இடத்தில் இருக்கிறது.

"முடிக்கத் தெரிஞ்சா நீ உள்ளாள். தெரியலன்னா வெளியாள். பள்ளிக்கூடத்துல என்னைய அப்படித்தான் சோதிப்பாங்க. பாதி சொல்லிட்டு மூஞ்சியப் பாப்பாங்க."

"நீ முடிச்சியோ?"

"ஒவ்வொரு தடவையும். அப்பவும் அடுத்த நாள் திரும்பச் சோதிப்பாங்க."

நம் தெருமுனைக்கு அப்பால் இருந்த முதியோர் கல்வி நிலையம் அந்த வருடம் மாண்டரின் மாலை வகுப்பு தொடங்கப் பார்த்தது. பெய்ஜிங்கில் ஒலிம்பிக்ஸ் வரப்போகிறது, எல்லோருக்கும் ஆசை. நீ விண்ணப்பித்தாய். நேர்காணலில் தேறினாய். ஒரு நிபந்தனை. சேர்க்கை மாலையில் வகுப்பை நிரப்ப வேண்டும். நிரம்பாவிட்டால் அந்த அறை சல்சா நடனத்துக்கு.

வீட்டிலிருந்து கிளம்பும்போது சொன்னாய்.

"இது நான் இரவல் வாங்குன பாஷை இல்ல, சிலோன். ஏழு வயசுலருந்து அடி வாங்கிப் படிச்சது. ஒரு ஊராச்சும் இது என்னோடதுன்னு ஒத்துக்கணும்."

நான் முன்வரிசையில் உட்கார்ந்தேன். முதல் பெயர் என்னுடையது. நீ சட்டையின் கையை மடித்துவிட்டு, பலகையில் நான்கு எழுத்து எழுதினாய்.

கதவு திறக்கும். ஒரு தலை தெரியும். உன்னைப் பார்க்கும். பலகையைப் பார்க்கும். மறுபடி உன்னை. டீச்சர் எப்போது வருவார் என்று கேட்கும். நான்தான் என்பாய். ஓ, என்று சொல்லி, பிறகு வருவதாகச் சொல்லிப் போகும். ஒருவர் பலகை துடைக்கும் துணி வேண்டும் என்று உன்னிடம் கேட்டார். கொடுத்தாய்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஒரு சைனீஸ் பிள்ளையக் கூட்டிக்கொண்டு வந்து முன்னால நிப்பாட்டுவமே? இண்டைக்கு மட்டும்?"

"நிப்பாட்டிட்டு நான் பின்னாடி நின்னு வாயசைக்கவா?"

பக்கத்து அறையில் சல்சாப் பாட்டு தொடங்கியது. சுவர் அதிர்ந்தது.

மேசையில் நிலையம் அச்சடித்த துண்டுப் பிரசுரம் கிடந்தது. அதன் நெற்றியிலும் இதே வரிதான். சுவாரசியமான காலம். சேர்க்கை அதிகாரி அப்போது உள்ளே வந்தாள். அந்த வரியைத் தேர்ந்தெடுத்தது அவள்தான், அதில் அவளுக்குப் பெருமை. நன்றாக இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். உன் அறை அவள் கையில் இருந்தது.

நீ அவளிடம் மெதுவாகச் சொன்னாய். இது சீனத்தில் இல்லை. தேடிப் பார்த்துவிட்டேன். இங்கிலீஷ்காரர்கள்தான் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறார்கள். இதற்குக் கிட்டத்தில் உண்மையாக அங்கே இருப்பது வேறு. கலகக் காலத்து மனிதனாக இருப்பதைவிட அமைதிக் காலத்து நாயாக இருப்பது மேல்.

அதிகாரியின் முகம் சுருங்கியது. நான் அவளைப் பார்க்கவில்லை. அந்த வருடம் என் நாட்டில் சண்டை மறுபடி தொடங்கியிருந்தது. அந்த வரி எனக்கு எங்கே போய் விழுந்தது என்று உனக்குத் தெரியும். நீ கதை சொல்லவில்லை. எனக்குக் கதை தேவைப்படவில்லை.

வாசலில் ஒரு சீனக் கிழவர் நின்றுகொண்டிருந்தார். மிஸ்டர் லாவ். மீன் பொரியல் கடை வைத்து, வயதாகி விற்றவர். மகனுக்குப் பெண்டாட்டி இங்கிலீஷ்காரி. அவளுக்கு மாண்டரின் படிக்க ஆசை. வாத்தியாரைச் சோதித்துப் பார்க்க மாமனார் கூட வந்திருந்தார். நீ சொன்னதை எல்லாம் கேட்டிருந்தார். உள்ளே வரவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, கான்டனீஸில் ஏதோ சொன்னார். சொல்லி நிறுத்தினார். உன் முகத்தைப் பார்த்தார்.

அந்தப் பார்வை எனக்குத் தெரியும். நீ சமையலறையில் நடித்துக் காட்டிய பார்வை.

அவர் சொன்னதன் பொருளைப் பிறகு சொன்னாய். தூரம் போனால் குதிரையின் பலம் தெரியும். சோதனை மட்டுமில்லை, குத்தலும். எவ்வளவு தூரம் ஓடுவாய் பார்ப்போம் என்பது.

நீ அவசரப்படவில்லை. மார்க்கரின் மூடியை மூடினாய். பிறகு சொன்னாய், அவருடைய மொழியிலேயே, ஈப்போ சந்தையில் மீன் விலை பேசும் அதே குரலில். நாள் போனால் மனிதரின் மனம் தெரியும்.

சொல்லிவிட்டு நிற்கவில்லை. உடனே அவரிடம் ஒரு முதல் பாதியை எறிந்தாய்.

மிஸ்டர் லாவ் வாயைத் திறந்தார். மூடினார். நெற்றியைத் தடவினார். தெரியவில்லை.

பிறகு சிரித்தார். அப்படி ஒரு சிரிப்பு. சல்சாவுக்கு மேலால் கேட்டது. தாழ்வாரத்தில் போனவர்கள் நின்றார்கள். உள்ளே எட்டிப் பார்த்தார்கள். கிழவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, மருமகளிடம் இங்கிலீஷில் சொன்னார்: "பேர் எழுது. என்னையும் எழுது. இவ என் அம்மா மாதிரி பேசுறா."

என்ன வேடிக்கை என்று ஒரு நர்ஸ் கேட்டாள். நீ சொன்னாய். ஒரு பஸ் டிரைவர் கேட்டார். அவருக்குப் படகுக் கதை சொன்னாய். ஆற்றில் வாளைத் தவறவிட்டவன், விழுந்த இடத்தைப் படகின் ஓரத்தில் கீறி வைத்தானாம், கரைக்குப் போய்த் தேட. "எங்கட டிப்போ மேனேஜர்!" என்று டிரைவர் என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார். கரவெட்டிக்காரர், என் ஊர்ப்பக்கம். அதுவரை எனக்குத் தெரியாது. "தங்கச்சி, நான் சேருறன். அந்தாளுக்கு இதைச் சைனீஸிலயே சொல்லவேணும்."

சேர்க்கை அதிகாரி தாளை இரண்டாவது தடவை எண்ணினாள். சல்சாவைக் கீழே அனுப்பினாள். மறுவாரம் புதிய பிரசுரம் வந்தது. நெற்றியில் தவளையும் ஆமையும். உன் பெயரும்.

வீட்டுக்கு நடக்கும்போது கேட்டேன். "அந்தாளிட்ட நீ என்ன கேட்டனி?"

"முன்னோர் மரம் நட்டார்னு சொன்னேன். அதுக்கு மறுபாதி சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அவருக்கும் தெரியும்லா. பதட்டத்துல மறந்துட்டாரு." பிறகு தெருவின் நடுவில் நின்று, இரண்டு கையையும் மேலே தூக்கி, ஒரு சத்தம் போட்டாய். அதற்கு எந்த மொழியும் இல்லை.

வகுப்பு நடந்தது. உன் நோய் தெரிந்த பிறகும் நடந்தது. தலையில் துணி கட்டிக்கொண்டு வந்தாய். பாதி சொல்லி நிறுத்தும் பழக்கம் எல்லோருக்கும் தொற்றியது. கரவெட்டி அண்ணை பஸ்ஸைத் தரிப்பில் நிறுத்தி, கண்ணாடி வழியாக முதல் பாதியைக் கத்துவார். நடைபாதையிலிருந்து நான் மறுபாதியைக் கத்துவேன்.

இந்த இளவேனிலில், மேனர் பார்க் தகனச்சாலையில், மிஸ்டர் லாவ் எழுந்து நின்றார். பேச்சு எழுதிக் கொண்டுவரவில்லை. தூரம் போனால், என்று தொடங்கினார். இம்முறை மாண்டரினில், உன்னிடம் படித்ததில். நிறுத்தினார். எங்களைப் பார்த்தார்.

மூன்று வரிசை ஆட்கள் ஒரே குரலில் முடித்தோம். நாள் போனால் மனிதரின் மனம் தெரியும். யாரும் அழுதுகொண்டு சொல்லவில்லை. பரீட்சையில் விடை தெரிந்த பிள்ளைகள் சொல்வது போல் சொன்னோம். உன் அம்மா ஈப்போவிலிருந்து வந்திருந்தார். "என் மவளோட பசங்களா இவ்ளோ பேரும்?" என்று கேட்டார். "ஓம் அம்மா," என்றேன். நாற்பது வயது நர்ஸையும் எழுபது தாண்டிய லாவையும் சேர்த்து.

இன்று அந்த ரயில். இன்று புதிய கல்வியாண்டின் முதல் வகுப்பு. அறை நிரம்பியிருந்தது. புதிய டீச்சர் வட சீனப் பெண், வயது குறைவு, நல்லவள். ஒவ்வொருவரும் ஒரு வசனம் பேசுங்கள் என்றாள். நர்ஸ் பேசினாள். கரவெட்டி அண்ணை மேனேஜரையும் படகையும் பேசினார். நான் பேசினேன். டீச்சர் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே இருந்தாள். நாக்கை மடிக்க வேண்டிய இடத்தில் ஒருவரும் மடிக்கவில்லை. வாக்கியத்தின் வால் ஒவ்வொன்றும் சட்டென்று வெட்டுப்பட்டு நின்றது.

கடைசியில் கேட்டாள். நீங்கள் எல்லோரும் மலேசியாவில் இருந்தீர்களா?

பின்வரிசையில் மிஸ்டர் லாவ் சிரிக்கத் தொடங்கினார். அதே சிரிப்பு. தாழ்வாரத்தில் போனவர்கள் நின்றார்கள்.

இல்லை, என்றேன். பிளேஸ்டோவில்.

திருத்தலாம், கொஞ்சம் பயிற்சி எடுத்தால் போய்விடும், என்றாள் அவள் அன்பாக. பலகையில் எழுதினாள், மெதுவாக உச்சரித்துக் காட்டினாள். முன்னோர் மரம் நட்டார். எங்களுக்காக நிறுத்தினாள்.

அறை முழுவதும் முடித்தது. லாவ் எல்லோரையும்விடச் சத்தமாக. பின்னோர் நிழலில் இருந்தார்.

அப்படியே ஈப்போ உச்சரிப்பில்.