பொழிக்கரையின் நொண்டி உப்புக்கொத்தி

செருப்பை மூன்று தடவை கழுவிவிட்டேன். பொழிச் சேற்றின் வாடை போகவில்லை. அழுகிய பாசியும் உப்பும் கலந்த அந்த வாடை முன்னறை வரை வந்து நிற்கிறது. முன்பெல்லாம் ஆவணி பிறந்தால் உன் வீட்டிலும் இதே நாற்றம்தான். உன் மாமியார் மூக்கைப் பொத்திக்கொள்வார். இந்த வருஷம் நீ இல்லை. பங்குனியில் உன்னைத் தீக்குக் கொடுத்துவிட்டு வந்தோம். அதற்காக அழுது எழுதும் கடிதமல்ல இது. உன்மேல் எனக்கு இருந்த கோபத்தையும் நேற்று நடந்ததையும் உன்னிடம் சொல்லியாக வேண்டும்.

நீ பாறசாலை ஸ்டேஷனில் டிக்கெட் கொடுப்பவள், நான் பள்ளியில் படம் வரையச் சொல்லிக்கொடுப்பவள். ஆவணியில் ஞாயிற்றுக்கிழமைதோறும் முதல் பஸ்ஸில் பொழியூருக்குப் போய், நெய்யாறு கடலைத் தொடும் அந்தப் பொழியில் கரைக்கு ஒருத்தியாகப் பிரிந்து நிற்போம். வடக்கே எங்கேயோ குஞ்சு பொரித்துவிட்டு, இறகின் செம்மை இன்னும் கலையாமல் உப்புக்கொத்திகளும் உள்ளான்களும் வந்து இறங்கும் காலம் அது. ஊரே ஓணத்துக்குத் துணி எடுக்க அலையும்போது நாம் முழங்கால் சேற்றில் நின்றோம். பைத்தியம் என்றார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

அந்தச் சேற்றைத்தான் மண் போட்டு நிரப்ப நிலத்துக்காரர் ஒருவர் விண்ணப்பம் கொடுத்தார், ரிசார்ட் கட்டுவதற்கு. போன வருஷம் சித்திரை வெயிலில் வந்து பார்த்த அதிகாரி, "இவிடெ பட்சி ஒன்னும் இல்லல்லோ" என்று எழுதிக்கொண்டு போனார். சித்திரையில் எப்படி இருக்கும்? கல்யாணம் முடிந்த மண்டபத்துக்குப் போய் ஆளைக் காணோம் என்பதுபோல அது. ஆவணி வரை பொறுத்திருந்து எண்ணினோம். என் கரையில் நாற்பத்து மூன்று, உன் கரையில் நாற்பது. டீக்கடையில் வைத்துக் கூட்டி, எண்பத்து மூன்று என்று மனு கொடுத்தோம்.

விசாரணைக்கு முந்தின சாயங்காலம் நீ இரண்டு நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாய். என்னுடையதில் ‘நொண்டும் உப்புக்கொத்தி, ஒன்று.’ உன்னுடையதிலும் அதே நொண்டி. நடுவில் ஒரு படகு போனதும், என் கரையிலிருந்து கூட்டம் எழும்பிப் பறந்ததும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. நான் எண்ணிய பறவைகளையே நீ மறுபடி எண்ணியிருந்தாய்.

"யாருக்குத் தெரியப்போவுது மக்கா, விட்டுரு" என்றேன்.

"அந்த நொண்டிக்குத் தெரியுமே" என்றாய்.

மறுநாள் எல்லோரும் கேட்க எழுந்து நின்று, "எண்பத்திமூணு தப்பாக்கும் சாரே. நாப்பத்திமூணுதான் உண்டு" என்றாய். எதிர்த்தரப்பு வக்கீல் சிரித்தார். நீ உட்காரவில்லை. "நாப்பத்திமூணுக்கு எறங்க எடம் வேண்டாமா? ஓணத்துக்கு முன்ன வந்து நீங்களே எண்ணிப் பாருங்க." அடுத்த ஆவணியில் வந்து பார்ப்பதாகச் சொல்லி முடிவைத் தள்ளிவைத்தார்கள். எனக்கு அது காதிலேயே ஏறவில்லை. கையிலிருந்த ஒரே ஆயுதத்தை நீயே ஒடித்துவிட்டாய் என்றுதான் பட்டது. திரும்பும் பஸ்ஸில் வேறு சீட்டில் போய் உட்கார்ந்தேன். இறங்கும்போது, "கோவம் தீந்தா விளி, நான் வாறேன்" என்றாய். இரண்டு மாதம் கழித்துத்தான் உன்னை விளித்தேன். அந்த இரண்டு மாதத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு என்னையே பிடிக்கவில்லை.

நேற்று அந்த அதிகாரி மெய்யாகவே வந்தார். கூடவே நிலத்துக்காரரின் ஆள். இந்தப் பக்கம் நான் மட்டும். ஆற்றில் மழைத் தண்ணீர் இன்னும் வடியவில்லை, சேறு பாதிதான் வெளியே தெரிந்தது. எண்ணினேன். ஒன்பது.

எங்களைக் கூட்டிவந்த படகுக்காரர் என் காதருகே குனிந்தார். "டீச்சரே, அம்பது பறந்து போச்சுண்ணு சொல்லுங்க. நானும் சொல்லுதேன்." ஆசையாகத்தான் இருந்தது.

"ஒம்பது" என்றேன், சத்தமாக.

நிலத்துக்காரரின் ஆள் சிரித்தான். "ஒம்பதுக்காக்கும் இந்தப் பாடு?"

"ஒம்பதுக்குத்தான். ஒண்ணே ஒண்ணு வந்தாலும் நான் இங்க உண்டு. மண்ணு லாரி வந்தா எனக்க மேலதான் தட்டணும்."

தொலைநோக்கியை அதிகாரியிடம் நீட்டினேன். அவர் வெகுநேரம் பார்த்தார். விரலால் காற்றைத் தொட்டுத் தொட்டு எண்ணினார். பிறகு கண்ணை எடுக்காமலே, "டீச்சரே, பத்து உண்டல்லோ" என்றார்.

வாங்கிப் பார்த்தேன். கல்லுக்குப் பின்னால் ஒன்று, அலகை முதுகில் செருகித் தூங்கிக்கொண்டிருந்தது. நான் கவனிக்கவே இல்லை. எல்லோர் முன்னாலும் ஒன்பதை அடித்துவிட்டுப் பத்து என்று எழுதினேன். ஒன்றுமே இல்லை என்று எழுதிப்போன அந்த மனிதரும் தன் தாளில் பத்து என்று எழுதினார்.

முடிவு இன்னும் வரவில்லை. நமக்கு எதிராக வந்தால் மேலே போவேன், அங்கேயும் தோற்றால் அதற்கும் மேலே. இனி உன் கரையையும் நானே எண்ண வேண்டும், படகு குறுக்கே போகிறதா என்று பார்த்துக்கொண்டு. அடுத்த விசாரணைக்கு அடித்துத் திருத்திய அந்தப் பக்கத்தைத்தான் கொண்டுபோவேன். சுத்தமாக வேறு தாளில் எழுதித் தா என்று யார் கேட்டாலும் தரமாட்டேன், மக்கா.