கால்குலேட்டரால் அணைத்த டிவி

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? எனக்காக மழுப்பாமல், அம்மாவுக்குத் தெரிந்த உண்மையை எழுதுங்கள்.

நீங்கள் வாங்கித் தந்த கால்குலேட்டர் சர்வே வேலைக்கு மட்டுமல்ல, வம்புக்கும் உதவுகிறது. அதன் தலையில் ஒரு இன்ஃப்ராரெட் கண் இருக்கிறதே, அதற்கு நேரே டிவி ரிமோட்டை அழுத்தினால் சிக்னலைப் பதிந்துகொள்கிறது. அப்புறம் அதுவே ரிமோட்தான்.

எங்கள் சைட் கேம்ப் மெஸ்ஸில் எல்லோரும் டிவியைப் பார்த்தபடியே சாப்பிட்டுவிட்டு எழுந்து போய்விடுவார்கள். அது இல்லாவிட்டால் பேசுவார்கள் என்று நினைத்து, போன வாரம் டிவிக்குக் கிட்டே உட்கார்ந்து சத்தமில்லாமல் அணைத்தேன். எல்லோரும் தட்டைப் பார்த்துச் சாப்பிட ஆரம்பித்தார்கள். கடைசியில் எதிரே இருந்த வெல்டர், "டிவிக்கு என்னாச்சு தம்பி?" என்றார்.

"தெரியலையேண்ணே."

நான் வந்த இரண்டு மாதத்தில் அவர் என்னிடம் முதன்முதலாகப் பேசியது அதுதான். அதனால் தினமும் ஒருமுறை அணைத்தேன், அவரும் தினமும் கேட்டார். சிரிக்காதீர்கள். இப்போது பேட்டரி தீர்ந்துவிட்டது. மூன்று சின்ன பேட்டரி அனுப்புங்கள்.

சாப்பாட்டு மணி அடிக்கிறது, ஓடுகிறேன்.

உங்கள் மகன்

பின்குறிப்பு: பேட்டரி இங்கேயும் கிடைக்கும். ஆனாலும் அனுப்புங்கள். பார்சல் வந்தால் வாட்ச்மேன் என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்.