நடுவில் விட்ட இடத்தில் யாரும் தாளம் போட வேண்டாம்

அன்புள்ள அண்ணா, பாடிக் கிழித்தது போதும், கொஞ்சம் உட்கார்ந்து கேள்.

போன வாரம் உனக்கு முதலாண்டு நினைவுக் கச்சேரி நடத்தினார்கள், செஞ்சி கூட்டுரோட்டில். பேனரில் உன்னைவிட நம் ஆர்கெஸ்ட்ரா டிரம்மர் ரவியின் படம்தான் பெரிது. வெட்கம் கெட்ட ஜென்மம்!

என்னைத் தனியாக வாசிக்கக் கூப்பிட்டதும் அவன்தான். நான் சென்னையில் ஜாஸ் பியானோ வாசிப்பது தெரியுமாம். அவனுக்கு ஜாஸ் என்றால் கூலிங்கிளாஸ் போட்டுக்கொண்டு வாசிப்பது.

வாசித்தேன். ஓரிடத்தில் விரலை எடுத்துவிட்டு, ஒலி அடங்கட்டும் என்று காத்திருந்தேன். பின்னால் தடதடவென்று டிரம்ஸ். திரும்பினால் ரவி கண்ணடிக்கிறான்.

"இன்னாமா, மறந்துட்டியா? நான் இருக்கேன், நீ வாசி!"

உபகாரமாம்.

நீ மட்டும் என்ன ஒழுங்கு? மேல்மலையனூர் அமாவாசைக் கச்சேரியில், உன் பாட்டுக்குக் கீபோர்டு வாசிக்கிற நான் மூச்சு விட்டால்கூட, "கேப்பு வுடாத, ஜனம் எழுந்து பூடும்" என்று மைக்கோடு பாய்வாய். அந்தப் பயம் என் விரலில் ஏறிவிட்டது. என் முதல் தனிப் பதிவைக் கேட்டபோது கூசிப்போனேன். சந்தையில் கூவி விற்கிறவளைப் போல இடைவிடாமல் வாசித்திருந்தேன். அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, மேடை மேடையாகத் தனியாக உட்கார்ந்து, சும்மா இருக்கப் பழகினேன். இரண்டாவது பதிவு இப்போதுதான் முடிந்தது. அதற்கும் ஸ்டுடியோக்காரர், "காலியா இருக்குது மேடம், லேசா ரிதம் போடலாமா?" என்கிறார். ஊரெல்லாம் ரவிதான் போலிருக்கிறது.

அன்று கூட்டுரோட்டில் நான் வாசிப்பதை நிறுத்திவிட்டேன். "ரவி, குச்சிய வெச்சிட்டு எறங்கு" என்றேன், மைக்கிலேயே. அண்ணே என்று சொல்லவில்லை. முகம் சுண்டிப்போய் இறங்கினான்.

மறுபடி முதலிலிருந்து வாசித்தேன். அதே இடம் வந்தது. கைகளை மடியில் வைத்துக்கொண்டேன். யாரும் குறுக்கே வரவில்லை. என் கண்தான் மேடை ஓரத்துக்கே போனது, நீ பாய்ந்து வருவாயென்று.

நீ இருந்திருந்தால் வந்திருப்பாய். என்னை முடிக்க விட்டிருக்க மாட்டாய். நீ செத்த பிறகுதான் நம்மூரில் நான் ஒன்றை முழுசாக வாசித்தேன். இதை நான் யாரிடம் போய்ச் சொல்ல?

அடுத்த மாதம் பதிவு வெளியாகும். அதில் ஒரு தட்டுகூடச் சேர்க்க விட மாட்டேன், இது சத்தியம். உனக்குப் பிடிக்காது, தெரியும். வந்து சண்டை போடேன், அண்ணா.

இப்படிக்கு,
உன் பேச்சை இனியும் கேட்கப்போகாத தங்கச்சி,
ஜெசிந்தா