ஏழாம் பக்கத்தின் கீழே இரண்டு புள்ளிகள்

பிப்ரவரி 3, திங்கள்

இசை வரலாற்றுத் தாள் திருத்தப்பட்டு வந்தது. எழுபத்தொன்பது. ஒரே பகுதியை இரண்டாம் முறை வாசிக்கும்போது பழைய ஐரோப்பிய வாசிப்பாளர்கள் என்ன செய்தார்கள் என்பது கேள்வி. அப்படியே வாசிக்கவில்லை, அலங்கார சுரங்கள் சேர்த்து மாற்றி வாசித்தார்கள் என்று மூன்று பக்கம் சான்றுகளுடன் எழுதியிருந்தேன். வரலாற்று ஆசிரியர் தாளை நீட்டிக்கொண்டே, "உங்க விடையில தப்பே இல்ல சார். அதான் போரடிக்குது" என்றார். வகுப்பே சிரித்தது. அவருக்கு முப்பத்திரண்டு வயது. நான் அங்கே சிரிக்கவில்லை. பேருந்தில் சிரித்தேன்.

இசைப் பட்டத்துக்காக எடுத்த இரண்டாண்டுப் படிப்பு விடுப்பு மே 31-இல் முடிகிறது. இன்னும் நூற்றுப் பதினேழு நாட்கள். வயலின் வாசிப்புத் தேர்வு ஒன்றுதான் எஞ்சியுள்ளது. அதில் அமர, பிற மாணவர்களுக்குத் துணை செய்த பன்னிரண்டு மணி நேரம் பதிவேட்டில் இருக்க வேண்டும். விதி 14. எனக்கு ஒன்பது ஆகியிருக்கிறது. மீதி மூன்றுக்கு ஒரு வேலை ஒதுக்கியிருக்கிறார்கள்: பியானோ மாணவி ஒருத்திக்குத் தேர்வில் பக்கம் திருப்புவது.

எடை அளவுத் துறையில் இருபத்தாறு ஆண்டுகள் தராசுகளுக்கு முத்திரையிட்ட கை இது. ஒரு தாளைத் திருப்பத் தெரியாதா?

பிப்ரவரி 6, வியாழன்

முதல் ஒத்திகை. மாணவிக்குப் பத்தொன்பது வயது. எதை வாசித்தாலும் எழுதியதைவிட வேகமாக வாசிப்பதால் எல்லோரும் அவளைப் 'புயல்' என்கிறார்கள். அவளும் அதற்குத் திரும்பிப் பார்க்கிறாள். எனக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'இன்ஸ்பெக்டர் சார்'. தவறில்லை, பதவி அதுதான்.

"பக்கம் திருப்புறது ஒண்ணும் பெரிய வித்தை இல்ல சார். நான் தலையாட்டினா திருப்புங்க. நான் முறைச்சேன்னா தப்பா திருப்பிட்டீங்கன்னு அர்த்தம்."

வித்தைதான். வாசிப்பவரின் இடப்புறம் சற்றுப் பின்தள்ளி அமர வேண்டும். அரை நிமிடம் முன்பே எழுந்து, இடக்கையால் வலப்பக்கத்தின் மேல்மூலையைப் பற்றிக் காத்திருக்க வேண்டும். நிழல் கட்டைகள்மீது விழக்கூடாது. சட்டைக்கை அவள் முகத்தில் படக்கூடாது. இரண்டு தாள்கள் சேர்ந்து வந்துவிடக்கூடாது.

ஒரே ஒரு சிக்கலான இடம். ஏழாம் பக்கத்தின் அடியில் இரட்டைக் கோடும் இரண்டு புள்ளிகளும் அச்சாகியுள்ளன: நான்காம் பக்கத்திலிருந்து மீண்டும் வாசி என்பதற்கான குறி. ஆகவே அங்கே முன்னோக்கி அல்ல, பின்னோக்கித் திருப்ப வேண்டும். சரியாகச் செய்தேன். "சூப்பர் சார், இதுல எல்லாரும் கோட்டை விடுவாங்க" என்றாள்.

தேர்வில் அறுபது வாங்காவிட்டால் அவளை வாசிப்புப் பிரிவிலிருந்து கோட்பாட்டுப் பிரிவுக்கு மாற்றிவிடுவார்களாம். சென்ற பருவத்தில் ஐம்பத்தெட்டு. "கோட்பாடும் நல்ல படிப்புதானே" என்றேன். "சார், மீனைத் தூக்கி மரத்துல விட்டுட்டு காத்து நல்லா வருதுல்லன்னு கேக்குறீங்க."

பிப்ரவரி 13, வியாழன்

இரண்டாம் ஒத்திகை. ஒழுங்கின்மையின் உச்சம். பதினேழு நிமிடம் தாமதமாக வந்தாள். கையில் பிஸ்கட் பொட்டலம். கட்டைகளின் இடுக்கில் துகள்கள். வாசித்துக்கொண்டே பேசுகிறாள், பேசிக்கொண்டே தின்கிறாள். மூன்றாம் பக்கத்தில் வேகத்தைக் குறைக்கப் போகிறாளாம். பத்தாம் பக்கத்துக்குச் சீக்கிரம் திருப்ப வேண்டுமாம். டீச்சர் சொல்லிவிட்டார், நேரம் பத்தாது, அதனால் அங்கே ரிப்பீட் வேணாம் சார், நேரா போயிடலாம் என்றாள். அதே மூச்சில், தண்ணீர் இருக்கிறதா என்றும் கேட்டாள். எதையும் பென்சிலால் குறிப்பதில்லை. ஐந்தாம் பக்கத்துக்கு வரும்போதே டிரம்பெட் மாணவன் கதவைத் தட்டினான். அறை அவனுக்கு நான்கு மணிமுதல். வெளியேறினோம்.

பியானோவை என் கைக்குட்டையால் துடைத்துவிட்டு வந்தேன். இதற்கும் ஒரு மணி நேரம் பதிவாகியது. பதினொன்று.

பிப்ரவரி 16, ஞாயிறு

நான்கு மணி நேர வயலின் பயிற்சி. மருந்துக் கடை வேலையிலிருந்து திரும்பிய மனைவி, "கீழ் வீட்டுக்காரம்மா கேட்டாங்க, அந்தப் பூனை இன்னும் குணமாகலையான்னு" என்றாள்.

பிப்ரவரி 26, புதன்

நடந்தவற்றை வரிசையாக எழுதுகிறேன்.

காலை 10.40. தேர்வறையில் மூன்று நடுவர்கள். புயல் நன்றாகவே தொடங்கினாள். மூன்றாம் பக்கத்தில் வேகம் குறைந்தது, அழகாக இருந்தது. நான்கு, ஐந்து, ஆறு, ஏழு. ஏழின் கடைசி வரியில் தலையாட்டினாள். குறியைப் பார்த்தேன். பின்னோக்கித் திருப்பினேன்.

அவள் கைகள் நின்றன.

ஏறத்தாழ நான்கு வினாடிகள். பிறகு நினைவிலிருந்து எட்டாம் பக்கத்தை வாசிக்க முயன்றாள். இடக்கை ஓரிடத்தில், வலக்கை வேறிடத்தில். நான் தாள்களைப் புரட்டினேன், இரண்டு சேர்ந்து வந்தன. மறுபடி நின்றாள். பத்தாம் பக்கத்திலிருந்து சமாளித்து முடித்தாள்.

வெளியே வந்ததும், "சொன்னேனே சார். ரிப்பீட் வேணாம்னு சொன்னேனே" என்றாள். குரல் உயரவில்லை.

"சொல்லவில்லை" என்றேன்.

"சொன்னேன்."

"எங்கே குறித்திருக்கிறாய்?"

அவள் படியிறங்கிப் போனாள். இசைத்தாள் என் கையிலேயே இருந்தது. ஏழாம் பக்கத்தைப் பார்த்தேன். இரண்டு புள்ளிகளும் அச்சிட்டபடி இருக்கின்றன. ஒரு பென்சில் கீறல்கூட இல்லை.

பிப்ரவரி 27, வியாழன்

ஐம்பத்து மூன்று. அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறார்கள்.

பிப்ரவரி 28, வெள்ளி

மறுதேர்வு கேட்டு அவள் மனுக் கொடுத்திருக்கிறாள். துணைக்கு இருந்தவரின் தவறு நிறுவப்பட்டால் மட்டும் மறுதேர்வு: விதி 21, முதல் பிரிவு. தவறு நிறுவப்பட்டால் துணையிருந்தவரின் அவ்வாண்டு மணிகள் அனைத்தும் நீக்கப்படும், அவ்வாண்டில் புதிதாகச் சேர்க்கவும் முடியாது: இரண்டாம் பிரிவு. என் பன்னிரண்டும் போகும். வயலின் தேர்வில் அமர முடியாது. விடுப்பை நீட்டிக்க அலுவலகத்தில் வழியில்லை.

சொல்லாததைச் சொன்னதாக எப்படி ஒப்புக்கொள்வது?

மார்ச் 3, திங்கள்

எழுத்துமூல விளக்கம் கொடுத்துவிட்டேன். ஒன்றரைப் பக்கம். 'மாற்றம் எதுவும் எனக்குத் தெரிவிக்கப்படவில்லை. இசைத்தாளிலும் குறிக்கப்படவில்லை. எழுதப்படாத அறிவுறுத்தல் அறிவுறுத்தலே அன்று.'

மனைவி வாசித்துப் பார்த்தாள்.

"ஏங்க, அவ சொல்லலையா, நீங்க கேக்கலையா?"

"என்ன வேறுபாடு?"

"எங்க கடையில டாக்டர் போன்ல மருந்தளவு சொன்னா, நான் அதையே திருப்பிச் சொல்லி, சரிதானேன்னு கேட்டுட்டுதான் போனை வைப்பேன். சொன்னாரு, சொல்லலன்னு அப்புறம் சண்டை போட்டு என்ன பிரயோசனம்? மாத்திரை உள்ள போயிடுமே."

"அது மருந்து" என்றேன்.

"ஆமாமா, இது வெறும் ஒரு பொண்ணோட படிப்பு" என்று சொல்லிவிட்டுத் துணி மடிக்கப் போனாள்.

மார்ச் 5, புதன்

வெள்ளியன்று விசாரணை. ஒத்திகை நடந்த நாள், நேரம், அறை எண் ஆகியவற்றைப் பட்டியலிட்டுக் கொண்டுவரும்படி தேர்வுப் பதிவாளர் கேட்டிருந்தார். துல்லியமாக இருக்க வேண்டுமே என்று இந்த நாட்குறிப்பைப் புரட்டினேன்.

பிப்ரவரி 13.

சொல்லியிருக்கா. சொல்லித்தான் இருக்கா. நேரம் பத்தாது, ரிப்பீட் வேணாம், நேரா போயிடலாம். ஒரு சொல் விடாம நானே எழுதி வெச்சிருக்கேன். எழுதினவன் யாரு? இந்தக் கைதானே? பிஸ்கட் துகளைப் பாத்த கண்ணு இதைப் பாக்கலையா?

எழுதப்படாத அறிவுறுத்தல் அறிவுறுத்தலே அன்று என்று கையெழுத்திட்டுக் கொடுத்திருக்கிறேன். எழுதப்பட்டிருக்கிறது. நீல மையில், என் கையெழுத்தில், என் மேசை இழுப்பறையில்.

மார்ச் 6, வியாழன்

இதை எவரும் பார்த்ததில்லை. மனைவிகூடப் பார்த்ததில்லை.

மார்ச் 6, மாலை

அவள் எந்த இடம் என்று தெளிவாகச் சொல்லவில்லை. 'அங்கே' என்றுதான் சொன்னாள். 'அங்கே' என்பது எந்தப் பக்கத்தையும் குறிக்கலாம். இப்படி ஒரு வாதம் வைக்கலாம்.

வைக்க முடியாது. அந்தப் படைப்பு முழுவதிலும் மீள்குறி ஒன்றே ஒன்றுதான் உள்ளது.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு காய்கறி மண்டியில், தராசுத் தட்டின் அடியில் களிமண் ஒட்டியிருந்தது. "ஐயா, சத்தியமா கவனிக்கல" என்றார் கடைக்காரர். பொய் சொல்லவில்லை என்று எனக்குத் தெரிந்தது. ஆயினும் அறிக்கையில் 'கவனியாமை விலக்கு ஆகாது' என்று எழுதினேன். எழுதிவிட்டு நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

மார்ச் 7, வெள்ளி

காலையில் மனைவியிடம் அந்தப் பக்கத்தைக் காட்டினேன். இருமுறை வாசித்தாள்.

"என்ன செய்யப் போறீங்க?"

"நகல் எடுக்க வேண்டும்."

"ரெண்டு வருஷங்க."

"ஆம்."

நாட்குறிப்பு கசங்காமலிருக்கக் கடையின் தடித்த உறை ஒன்றைக் கொடுத்தாள்.

விசாரணையில் தேர்வுப் பதிவாளர் அம்மா, கோட்பாட்டுத் துறைத் தலைவர், புயல். அவள் என்னைப் பார்க்காமல் சன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் தேதியிட்ட என் விளக்கத்தைத் திரும்பப் பெறுவதாகச் சொல்லி, நகலைக் கொடுத்தேன். அசலையும் மேசைமேல் வைத்தேன்.

பதிவாளர் வாசித்தார். ஓரிடத்தில் சிரிப்பை அடக்கிக்கொண்டார். 'ஒழுங்கின்மையின் உச்சம்' என்ற இடமாக இருக்கலாம்.

"இதை நீங்க குடுக்கலேன்னா எங்களுக்குத் தெரிஞ்சே இருக்காது சார்."

"எனக்குத் தெரியும்."

"விதி இருபத்தொண்ணு, ரெண்டாம் பிரிவு. படிச்சிருக்கீங்களா?"

"மனப்பாடம்."

துறைத் தலைவர், விதியைக் கொஞ்சம் தளர்த்த முடியாதா என்று அவரிடம் மெல்லக் கேட்டார். விதியில் தளர்வுக்கு இடமில்லை என்று நானே சொன்னேன். தண்ணீர் கேட்டேன்.

புயல் நாட்குறிப்பை எட்டிப் பார்த்தாள். "கைக்குட்டையால தொடைச்சீங்களா?" என்றாள். அவ்வளவுதான் பேசினாள்.

மார்ச் 10, திங்கள்

மறுதேர்வு 21-இல். என் மணிகள்: பூஜ்யம். பதிவேட்டில் பன்னிரண்டை ஒற்றைக் கோட்டால் அடித்து, பக்கத்தில் சுருக்கொப்பம் இட்டிருக்கிறார்கள். முறைப்படி இருக்கிறது.

மார்ச் 13, வியாழன்

வயலினைத் தொடவில்லை. கீழ் வீட்டுக்காரம்மா, பூனை செத்துவிட்டதா என்று கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

மார்ச் 21, வெள்ளி

மறுதேர்வில் பக்கம் திருப்ப டிரம்பெட் மாணவனை வைத்திருக்கிறாள். எனக்கு அங்கே வேலையில்லை. ஆயினும் போனேன். தாழ்வார பெஞ்சில் அமர்ந்தேன். கதவு மூடியிருந்தது; ஆனால் பியானோ நன்றாகவே கேட்டது.

இதுவரை அந்தப் படைப்பை நான் கேட்டதில்லை என்பது அங்கே உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது. பார்த்திருக்கிறேன். பக்கம் பக்கமாக எண்ணியிருக்கிறேன். ஏழாம் பக்கத்தின் கடைசி வரி வந்தபோது என் இடக்கை தானாக உயர்ந்தது. இசை நிற்காமல் எட்டுக்குள் போனது. ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் இடையே மடிப்பு எதுவும் இல்லை. திரும்பிப் போகாமலிருப்பதே அந்த இடத்துக்கு நல்லது என்றுகூடத் தோன்றியது. விதிப்படி அது பிழை. இருந்தாலும் தோன்றியது.

அவள் வெளியே வந்தாள். என்னைப் பார்த்து நின்றாள்.

"தேங்க்ஸ் எல்லாம் சொல்ல மாட்டேன் சார். மொத தடவையே நீங்க கேட்டிருக்கலாம்."

"கேட்டிருக்கலாம்."

"நானும் பென்சில்ல எழுதியிருக்கலாம்தான்." சற்று யோசித்து, "ஆனா மாட்டேன். தாளு அசிங்கமாயிடும்" என்றாள்.

மார்ச் 24, திங்கள்

அறுபத்து நான்கு.

ஜூன் 2, திங்கள்

பணியில் சேர்ந்தேன். இரண்டு ஆண்டுகளில் மேசை மாறவில்லை. உதவியாளர், "சார், பட்டம் வாங்கிட்டீங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். ஏன் என்று கேட்டார். பக்கத்தைத் தவறாகத் திருப்பிவிட்டேன் என்றேன். நகைச்சுவை என்று நினைத்துச் சிரித்தார்.

மாலையில் ஒரு மணி நேரம் வயலின்.

ஜூன் 12, வியாழன்

அலுவலகத்துக்குத் தொலைபேசி அழைப்பு. "இன்ஸ்பெக்டர் சார், புதன்கிழமை சாயங்காலம் சும்மாதான இருப்பீங்க? ஜூலையில எனக்குக் கச்சேரி. டிரம்பெட் பையன் தூங்கி வழியுறான். இதுக்கெல்லாம் மணி நேரம் பதிவாகாது, இப்பவே சொல்லிட்டேன்."

பார்த்துச் சொல்கிறேன் என்றேன். நாட்காட்டியைப் பார்த்தேன். சும்மாதான் இருக்கிறேன்.

ஜூன் 18, புதன்

ஐந்து மணிக்குக் கல்லூரி. வாசலில் பார்வையாளர் சீட்டு வாங்கிக்கொண்டு போனேன். அவள் பத்து நிமிடம் தாமதம்.

அதே படைப்பு. இசைத்தாளை விரித்து ஒவ்வொரு பக்கமாகச் சரிபார்த்தேன். ஏழாம் பக்கத்தின் அடியில், அந்த இரண்டு புள்ளிகளைச் சுற்றிப் பென்சிலால் பெரிய வட்டம் போட்டிருந்தது. பக்கத்தில், குழந்தைகூட வாசிக்கும் அளவில், 'நேரா!!!'

"ஏழிலிருந்து நேராக எட்டு. சரிதானே?" என்றேன்.

"அதான் எழுதியிருக்கே சார்!"

"எழுதியிருக்கிறது. வாயாலும் கேட்கிறேன்."

"சரிதான். நேரா." பெஞ்சை இழுத்துப் போட்டுக்கொண்டே, "பசிக்குது, பிஸ்கட் ஏதாச்சும் வெச்சிருக்கீங்களா?" என்றாள்.

வைத்திருந்தேன். பியானோவிலிருந்து இரண்டடி தள்ளி நின்று சாப்பிட வேண்டும் என்று சொல்லிவிட்டுக் கொடுத்தேன்.